தண்டையார்பேட்டையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: எம்மாந் தூரம்?

ஞாயிறு இரவு, வீட்டில்

ஒரு வாரமாக அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். "எம்மாந் தூரம்டா அது?"

செவ்வாய்க்கிழமை ராத்திரி நானும் அம்மாவும் கிளம்புகிறோம். தம்பி இருப்பது கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில், இறங்க வேண்டியது சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம். அம்மாவுக்கு 75 வயது, சர்க்கரை உண்டு, முட்டி வலி உண்டு, திருப்பதியைத் தாண்டி வடக்கே போனதில்லை, விமானம் என்றால் மொட்டை மாடியில் வடாம் காயப்போடும்போது அண்ணாந்து பார்த்ததோடு சரி. அதனால் அவர் பேச்சுக்காகக் கேட்கவில்லை. எத்தனை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கணும், எத்தனை வேளை சாப்பாடு, முட்டி தாங்குமா, இதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. எனக்கு அது உறைக்கவே நாலு நாள் ஆனது.

முதலில் போனில் தேடிப் பார்த்துச் சொன்னேன். சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் 13,900 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 16, 17 மணி. சொல்லிவிட்டு டிக்கெட்டை எடுத்துப் பார்த்தால் இரண்டு எண்ணுமே எங்களுக்கு ஒத்துவரவில்லை. ஏனென்றால் சென்னையிலிருந்து அந்த ஊருக்கு நேர் விமானமே கிடையாது. நாங்கள் சிங்கப்பூர் போய் மாறுகிறோம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் 2,900, அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ 13,600, மொத்தம் 16,500 கிலோமீட்டர். நேர்க் கணக்கைவிட 2,600 கூடுதல், அதாவது கிட்டத்தட்ட இன்னொரு தடவை சிங்கப்பூர் போகிற தூரம்.

அப்படியானால் அந்த 13,900 என்பது எந்த வழி? பரணில் என் பொண்ணு ஸ்கூல் படித்தபோது வாங்கின உலக உருண்டை கிடந்தது, அதை இறக்கித் துடைத்தேன். அம்மாவின் பூ கட்டுகிற நூலில் ஒரு முழம் எடுத்து, ஒரு முனையைச் சென்னையில் அம்மாவை விரலால் அழுத்தச் சொல்லிவிட்டு, மறுமுனையை சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இழுத்துப் பிடித்தேன். நூல் கிழக்கே பசிபிக் கடலுக்குப் போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது நேராக வடக்கே ஏறியது. ஒடிசா, நேபாள எல்லை, திபெத், மங்கோலியா, அப்புறம் சைபீரியா, அங்கே ஆர்க்டிக் வட்டத்தையும் கொஞ்சம் தாண்டி, பெரிங் நீரிணையைக் கடந்து அலாஸ்கா வழியாகக் கீழே இறங்குகிறது. சுவரில் மாட்டுகிற தட்டை வரைபடத்தில் இது பெரிய வில் மாதிரி வளைந்து தெரியும், ஏதோ சுற்று வழி போல இருக்கும். உருண்டையில் வைத்தால்தான் அதுதான் குறுக்கு வழி என்று புரிகிறது. விமான நிலையங்களுக்கு இடையில் இவ்வளவு கிலோமீட்டர் என்று எங்கே போட்டிருந்தாலும் அது இந்த நூலின் நீளம்தான், ஒரு விமானம் உண்மையில் போகிற வழி இல்லை.

அம்மா நூலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பனி கொட்ற ஊருக்கு மேலல்லாம் போவுதே, குளிராதா?" என்றார்.

அந்தப் பக்கமாகப் போகிறவர்களும் உண்டு. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நேர் விமானம் விட்டபோது, முதல் விமானத்தை ஓட்டியவர்கள் எல்லாரும் பெண்கள், கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் வட துருவத்துக்கு மேலேயே பறந்து வந்தார்கள். அதன் நேர்த்தூரம் 13,993 கிலோமீட்டர். இதை அம்மாவிடம் சொன்னபோது உருண்டையின் உச்சியைத் தொட்டுப் பார்த்து, "பொம்பளைங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நான் சிங்கப்பூர் வழியாகத்தான் போகணும் என்று பிடிவாதமாக டிக்கெட் போட்டதற்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது. அதை அங்கே போய் எழுதுகிறேன்.

திங்கள், மூட்டை கட்டும் நாள்

சின்னப் பதிவு. இன்று முழுக்க மாத்திரைப் பிரச்சினை.

அம்மாவிடம் பிளாஸ்டிக் மாத்திரை டப்பா ஒன்று இருக்கிறது. ஏழு நாளுக்கு ஏழு வரிசை, ஒவ்வொன்றிலும் காலை, ராத்திரி என்று இரண்டு குழி. நாளையும் வேளையும் அம்மாவுக்கு அந்த டப்பாதான் சொல்லும். சென்னைக்கும் அங்கேயும் இப்போது பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம், இங்கே ராத்திரி என்றால் அங்கே அதே நாள் காலை. எந்த ஊர் காலைக்குக் காலை மாத்திரை போடுவது? எங்கள் டாக்டரிடம் கேட்டேன். பயணம் முடிகிறவரை சென்னை நேரத்துக்கே போடச் சொன்னார், போய்ச் சேர்ந்தபின் 12 மணி நேர இடைவெளியை மட்டும் பார்த்துக்கொண்டு அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்றார். இது அம்மாவின் மாத்திரைக்கு. இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கணக்கே வேறு, கட்டாயம் அவரவர் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அப்புறம் கருவாடு. காசிமேட்டில் வாங்கின நெத்திலிக் கருவாடு இல்லாமல் சின்னவன் வீட்டுக்குப் போக முடியாது என்று அம்மா சொல்லிவிட்டார். படித்துப் பார்த்தேன். சொந்த உபயோகத்துக்கு மீன், கருவாடு கொண்டுபோகலாம், ஆனால் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இறைச்சிதான் கஷ்டம். கறிவேப்பிலைக்கு அனுமதி கிடையாது, எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கிற நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்பதால். அம்மா ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த கறிவேப்பிலையை வெளியே எடுத்து எதிர் வீட்டு அக்காவிடம் கொடுத்தோம்.

அந்த அக்காதான் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தப்பா அடிச்சிருக்கான்பா" என்றார். புதன்கிழமை காலை 9.15-க்கு சிங்கப்பூரில் கிளம்பி, அதே புதன்கிழமை காலை 8.25-க்கு சான் பிரான்சிஸ்கோவில் இறங்குகிறோம். கிளம்புவதற்கு ஐம்பது நிமிடம் முன்னாலேயே போய்ச் சேருகிறோம். தப்பு இல்லைக்கா, வந்து விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன்.

செவ்வாய் இரவு, மீனம்பாக்கம்

சாயந்திரம் ஆறரைக்கு வீட்டைப் பூட்டினோம். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோ ஏறினால் ஏர்போர்ட்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது, 2021-இல் விம்கோ நகர் வரை நீட்டினதிலிருந்து எங்களைப் போன்ற வடசென்னைக்காரர்களுக்குப் பெரிய உபகாரம் அது. ஆனால் நாலு பெரிய பெட்டியும் அம்மாவின் முட்டியும் சேர்ந்து காரில்தான் போகணும் என்று முடிவானது.

டி.எச். ரோட்டிலேயே முக்கால் மணி நேரம் போனது. கன்டெய்னர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட, அதன் பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் நாங்கள். ராயபுரம் தாண்டி ராஜாஜி சாலையில் துறைமுகத்தின் நீளச் சுவர் வந்ததும் அம்மா கண்ணாடியை இறக்கச் சொல்லி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. செகண்ட் லைன் பீச் தெருவில், கப்பல் சரக்குக்குச் சுங்க வேலை பார்த்துக் கொடுக்கிற கிளியரிங் ஆபீஸில் இருபத்தாறு வருஷமாக வேலை செய்கிறேன், அந்தச் சுவரை தினமும்தான் பார்க்கிறேன், இன்றைக்கு அம்மா பார்த்த மாதிரி நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுக்கும் மீனம்பாக்கத்துக்கும் நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானம் இந்தத் தூரத்தை ஒன்றரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். எங்களுக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது.

கத்திப்பாரா தாண்டி பரங்கிமலை வந்தபோது அம்மாவுக்குச் சொன்ன ஒரு விஷயத்தை இங்கேயும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் தூரத்தைப் பற்றிப் பேசிவிட்டு இந்த இடத்தைச் சும்மா கடந்து போக எனக்கு மனசு வராது. 1802-இல் வில்லியம் லாம்டன் என்கிற ராணுவ அதிகாரி நூறு அடி எஃகுச் சங்கிலியை வைத்துக்கொண்டு இந்த மலையடிவாரத்திலிருந்து தெற்கே ஏழரை மைல் தூரத்தை அங்குலம் அங்குலமாக அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய நில அளவைக்கு அந்த ஒரு கோடுதான் அஸ்திவாரம். பின்னால் அதே வேலைதான் இமயமலைச் சிகரங்களின் உயரம் வரைக்கும் போனது. லாம்டனுக்கு அந்த ஏழரை மைலோடு வேலை முடியவில்லை, பூமி எவ்வளவு வளைந்திருக்கிறது, அதன் உருவம் சரியாக என்ன என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அவர் அளந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் உருண்டையில் பூ நூலை வைத்துக் காட்டிய வளைவு இருக்கிறதே, அதை நம் நாட்டில் முறையாக அளக்கத் தொடங்கின இடத்துக்குப் பக்கத்திலேயே நம் ஓடுபாதை இருக்கிறது. எனக்கு இது ரொம்பப் பெருமையான விஷயம்.

வீல்சேர் முன்பே சொல்லி வைத்திருந்தும் வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் அம்மா பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் மூன்று மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுங்கள், இரண்டு மணி நேரம் போதும் என்று நம்பாதீர்கள்.

11.15-க்குக் கிளம்பணும். கூப்பிடுகிறார்கள்.

புதன் காலை, சிங்கப்பூர்

சிங்கப்பூர் நேரம் காலை 6.05-க்கு இறங்கினோம். பறந்தது நாலு மணி இருபது நிமிடம், கடிகாரம் முன்னால் போனது இரண்டரை மணி. மேலே எழும்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கீழே விளக்கெல்லாம் ஒரு கோடாக நின்று, அதற்கு அப்புறம் கறுப்பாக ஒன்றுமே இல்லை. கடல் என்றேன். "இந்தக் கடல்தான்" என்றார். அவ்வளவுதான், இறங்குகிறவரைக்கும் வேறு பேச்சில்லை.

இப்போது காரணம் சொல்கிறேன். அம்மாவின் அப்பா, எங்கள் தாத்தா, சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். வருவது ரஜுலா கப்பலில். எங்கள் பக்கத்தில் வயசான யாரைக் கேட்டாலும் அந்தக் கப்பலின் பேர் தெரியும். 1926-இல் கட்டினது, சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாக சிங்கப்பூருக்கு 1973 வரைக்கும் போய்வந்துகொண்டிருந்தது. கட்டின காலத்தில் 5,000 பேருக்கு மேல் ஏற்றும், அதில் பெரும்பாலானவர்களுக்குத் தளத்திலேதான் படுக்கை, பாயும் தகரப் பெட்டியும் சாப்பாட்டுத் தட்டுமாக ஏறிக்கொள்வார்கள். போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம்.

அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. தன் அம்மா, அதாவது எங்கள் ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு துறைமுக வாசலில் விடிகாலையிலிருந்து நின்றதும், வெயில் ஏறி ஏறிக் கடைசியில் தாத்தா வெளியே வந்தபோது அவரை யார் என்றே அடையாளம் தெரியாமல் ஆயாவின் பின்னால் ஒளிந்துகொண்டதும் அம்மா அடிக்கடி சொல்லுவார். தாத்தா அழவில்லையாம், தகரப் பெட்டியைத் திறந்து ஒரு சின்னப் பச்சைத் தைலப் பாட்டிலை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாராம். கோடாலித் தைலம்.

சாங்கி விமான நிலையத்தில் எங்களுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. ஊருக்குள் போக நேரமில்லை, தாத்தா நடந்த துறைமுகத்தைப் பார்க்க முடியாது. ஆனால் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்த பையன் ஒரு மருந்துக்கடையைக் கடக்கும்போது அம்மா, "நிறுத்துபா" என்றார். அலமாரியில் அந்தப் பாட்டில் வரிசையாக இருந்தது, அதே பச்சை, அதே கோடாலிப் படம். அம்மா ஒன்றை எடுத்து மூடியைத் திறக்காமலே மூக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்று வாங்கினோம். சென்னையில் கிடைக்காத பொருள் இல்லை அது, எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கடையை விட்டு வந்து உட்கார்ந்ததும் அம்மா கேட்டார். "நைனா ஒரு வாரம் வந்தாரு. நாம ராவு சாப்ட்டு வந்து காலைல பல்லு வெளக்கலை, அதுக்குள்ள எறங்கிட்டோம். ஊரு கிட்ட வந்துருச்சா?"

ஊர் அங்கேயேதான் இருக்கிறதும்மா, அதே 2,900 கிலோமீட்டர் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. ஆபீஸில் நாங்கள் கப்பல் தூரத்தைக் கிலோமீட்டரில் பேசுவதே கிடையாது, சிங்கப்பூர் இத்தனை நாள், ராட்டர்டாம் இத்தனை நாள் என்றுதான் பேசுவோம். அம்மா வீட்டிலும் அப்படித்தான் பேசியிருக்கிறார்கள்.

அடுத்த விமானம் 9.15-க்கு. 15 மணி நேரத்துக்கு மேல் ஒரே உட்காரல்.

புதன், இன்னும் அதே புதன், ஃப்ரீமாண்ட்

வந்து சேர்ந்தாச்சு. அம்மா தூங்குகிறார். நான் தூக்கம் வராமல் எழுதுகிறேன்.

அந்தப் பதினைந்து மணி நேரத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், முதல் தடவை அப்பா அம்மாவைக் கூட்டிவருகிற யாருக்காவது உதவும். நடைபாதை ஓர இருக்கை அம்மாவுக்கு, நடுவில் நான். காலுக்கு இறுக்கமான சாக்ஸ் போட்டுவிட்டேன். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பி பின்பக்கம் வரை நடத்திக்கொண்டு போய்வந்தேன், அங்கே இன்னும் இரண்டு பாட்டிகள் அதே வேலையாக நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவர் தெலுங்கு, ஒருவர் சீனம். மூன்று பேரும் முட்டியைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டார்கள்.

முன் இருக்கையின் திரையில் வழி தெரிந்தது. தென்சீனக் கடல், பிலிப்பைன்ஸின் வடமுனை, அப்புறம் ஜப்பானுக்குத் தெற்கே. அங்கே வந்ததும் வேகம் ஏறத் தொடங்கியது. தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் இருந்தது ஆயிரத்தைத் தாண்டி, ஒரு கட்டத்தில் மணிக்கு 1,130 கிலோமீட்டர் என்று காட்டியது. விமானம் எப்போதும் போலத்தான் பறக்கிறது, அதைச் சுமக்கிற காற்றே கிழக்கே ஓடுகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிற ஜெட் காற்று அது, குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. காசிமேட்டு போட்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், நீரோட்டத்தோடு வந்தால் டீசல் எவ்வளவு மிச்சம், எதிர்த்து வந்தால் எவ்வளவு செலவு என்று அவர்களே சொல்வார்கள்.

இந்தக் காற்றை முதலில் ஒழுங்காக அளந்து எழுதியவர் ஜப்பானிய வானிலை அறிஞர் ஒயிஷி வசபுரோ. 1920-களில் பலூன்களை மேலே விட்டு விட்டு அவை எந்த வேகத்தில் அடித்துப் போகப்படுகின்றன என்று கணக்கெடுத்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று நினைத்து எல்லா நாட்டுக்காரருக்கும் பொது மொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கின எஸ்பெராண்டோவில் 1926-இல் வெளியிட்டார், ஆனால் அது தெரிந்தவர்கள் குறைவு, அதனாலேயே வெளியே பலபேர் கண்ணில் படாமல் போனது. ரஜுலா கட்டின அதே வருஷம். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்த மனிதர் பேர் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கிளம்பின ஆறேகால் மணி நேரத்தில் சூரியன் மறைந்தது, எங்கள் கடிகாரப்படி அது மத்தியானம் ஒரு மணி. ஒன்பதாவது மணி நேரத்தில் திரையில் தேதிக்கோடு வந்தது. நான் அம்மாவை எழுப்பிக் காட்டினேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் புதன்கிழமை ராத்திரி, அந்தப் பக்கம் செவ்வாய்க்கிழமை ராத்திரி. ஒரு அதிர்வும் இல்லை, ஜன்னலுக்கு வெளியே அதே இருட்டு. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தச் செவ்வாயின் நள்ளிரவும் கடந்து, எங்களுக்கு மறுபடியும் புதன் பிறந்தது. எதிர் வீட்டு அக்காவுக்கு விளக்கம் இதுதான். சிங்கப்பூர் கடிகாரம் இப்போது சான் பிரான்சிஸ்கோவைவிட 16 மணி நேரம் முன்னால் ஓடுகிறது, நாங்கள் பறந்தது 15 மணி பத்து நிமிடம், அந்த வித்தியாசம்தான் ஐம்பது நிமிடம்.

இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் விளக்கைப் போட்டு காலை டிஃபன் கொடுத்தார்கள். அப்போது சென்னையில் ராத்திரி எட்டு. அம்மா டப்பாவைத் திறந்து, புதன் வரிசையில் ராத்திரிக் குழியிலிருந்து மாத்திரையை எடுத்து, ஆம்லெட் சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொண்டார். கையில் டப்பாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த வரிசையில் இரண்டு குழியும் காலி. ஜன்னலில் அப்போதுதான் புதன்கிழமை விடிந்துகொண்டிருந்தது. சிங்கப்பூரில் காலையில் ஒரு தடவை விடிந்ததைப் பார்த்தோம், இது இரண்டாவது.

கருவாட்டைப் பற்றிச் சொல்லியே ஆகணும். படிவத்தில் எழுதியிருந்தேன். சுங்க அதிகாரி என்ன என்று கேட்டார், காய்ந்த மீன் என்றேன், பெட்டியைத் திறந்து மூக்கைச் சுருக்கிப் பார்த்துவிட்டு மூடச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே தம்பி நின்றிருந்தான். அவனுக்கு முன்தலையில் முடி கொட்டிவிட்டிருந்தது, ஆறு வருஷம் ஆகிறதே. வீடியோவில் தினமும் பார்க்கிற முகம்தான், ஆனாலும் அம்மா ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டினார்.

சான் மேட்டியோ பாலம் வழியாக வீட்டுக்கு வந்தோம், 11 கிலோமீட்டருக்கு விரிகுடாத் தண்ணீருக்கு மேலேயே ரோடு.

வெள்ளி, விடிகாலை 3 மணி

நானும் அம்மாவும் சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறோம். உடம்புக்கு இது சாயந்திரம் நாலரை, தண்டையார்பேட்டையில் பால்காரர் வருகிற நேரம். உடம்பு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்போலத்தான் நகர்ந்து கொடுக்கும் என்கிறார்கள், அந்தக் கணக்கில் பதின்மூன்றரை மணி நேரத்துக்கு இரண்டு வாரம். மத்தியானம் தூங்க விடாமல் அம்மாவை வெயிலில் நடக்கக் கூட்டிப் போகிறேன், அது ஒன்றுதான் கொஞ்சம் உதவுகிறது.

டீ குடித்தபடியே ஒரு கணக்குப் போட்டேன். வீட்டைப் பூட்டினது செவ்வாய் சாயந்திரம் ஆறரை. தம்பி வீட்டு வாசல் மிதித்தது இந்த ஊர் நேரம் புதன் காலை பத்தரை, அது நம் ஊர் நேரம் நள்ளிரவு பன்னிரண்டு. மொத்தம் இருபத்தொன்பதரை மணி நேரம். அதில் விமானத்தில் இருந்தது பத்தொன்பதரை. மிச்சம் பத்து மணி நேரம் தரையில், டி.எச். ரோட்டிலும், வீல்சேருக்காகக் காத்திருந்த இடத்திலும், சாங்கியிலும், குடியேற்ற வரிசையிலும், தம்பியின் காரிலும். அம்மா களைத்துப்போனது அந்தப் பத்து மணி நேரத்தில்தான், விமானத்தில் இல்லை. தேடினால் வருகிற 16 மணி, 17 மணி என்பதில் இந்தப் பத்து மணி நேரத்துக்கு இடமே கிடையாது. அதனால் யாராவது உங்களிடம் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

நேரத்தை நாமே தோராயமாகப் போட்டுப் பார்க்க ஒரு வழி. நேர்த்தூரத்தை 850-ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். 13,600-க்கு பதினாறரை மணி வரும். கிழக்கே போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறையும், மேற்கே திரும்பினால் அரை மணியாவது கூடும், எல்லாம் அந்தக் காற்றால். எங்கள் டிக்கெட்டில் வரும்போது 15 மணி பத்து நிமிடம், திரும்பும்போது 17 மணி பத்து நிமிடம். ஒரே தூரம், இரண்டு மணி நேர வித்தியாசம். குட்டையான பயணத்துக்கு இந்தக் கணக்கு அவ்வளவு ஒத்துவராது, சிங்கப்பூருக்கே இருபத்தைந்து நிமிடம்போல உதைக்கிறது.

ஞாயிறு

அம்மா நேற்று ராத்திரி பத்து மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தார். மாத்திரை டப்பாவைக் காலி செய்து கழுவி, இந்த ஊர் நாளுக்குப் புதிதாக நிரப்பியாகிவிட்டது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தோம், தம்பி ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டு மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிட்டான்.

சாப்பிட்டபின் எதிர் வீட்டு அக்காவுக்கு வீடியோ போட்டோம். "எம்மாந் தூரம்கா?" என்று அவரும் அதையேதான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார், "ரெண்டு வாட்டி பொழுது விடிஞ்சுதுடி, ரெண்டும் பொதங்கெழம." அந்த அக்காவுக்குப் புரிந்ததா தெரியவில்லை, ஆனால் எங்கள் கணக்கிலும் அது சரிதான். வங்கக் கடலுக்கு மேலே சென்னை நேரம் பன்னிரண்டுக்குத் தொடங்கின புதன், இந்த ஊர் நள்ளிரவில் முடிகிறபோது முப்பத்தேழரை மணி நேரம் ஆகியிருந்தது.

அப்புறம் திரும்பிப் போகிற டிக்கெட்டைப் பார்த்தோம். ஏப்ரல் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்கு இங்கே ஏறினால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிவாக்கில் சிங்கப்பூர். நடுவில் சனிக்கிழமை? ஏறி ஒன்றே கால் மணி நேரத்தில் பிறக்கும், தேதிக்கோட்டைத் தாண்டினதும் ஞாயிறாகிவிடும், பாதி ராத்திரியிலேயே முடிந்துவிடுகிற சனிக்கிழமை அது, விடியவே விடியாது.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. சனிக்கிழமை பெருமாளுக்கு ஒருபொழுது இருக்கிறவர் அவர், எனக்கு நினைவு தெரிந்து ஒரு வாரம் விட்டதில்லை. தம்பி, விமானத்தில் விடியிற நேரத்தைக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்றான். நான், சென்னை நேரப்படி சனிக்கிழமை மத்தியானம் இங்கே வெள்ளி ராத்திரிதானே என்றேன். அம்மா இரண்டு பேரையும் கண்டுகொள்ளவில்லை. தம்பி வீட்டு நாட்காட்டியை ஏப்ரல் வரை புரட்டி, அந்த வெள்ளிக்கிழமையைப் பேனாவால் சுழித்தார்.

"வெள்ளிக்கெழமயே இருந்துடறேன். பொதன ரெண்டா குடுத்தாரு, சனிய எடுத்துக்கினாரு. கணக்கு அவுருக்குத் தெரியும்."